கானில் ஊற்றும் தேங்காய்த் தண்ணீரில் செலுலோசு வளர்ப்பது எப்படி

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருக்கிற ஏதாவது ஒரு சைவக் கடையின் பின்பக்கம் விடிய ஐந்தரை மணிக்குப் போய் நின்று பாருங்கள். சம்பலுக்கும் சொதிக்கும் ஒருவர் தேங்காய் உடைத்துக்கொண்டிருப்பார், ஒவ்வொரு காயின் தண்ணீரும் நேரே கானுக்குள் போய்க்கொண்டிருக்கும். அரை மணித்தியாலத்தில் ஒரு வாளி நிரம்புகிற அளவு. இதையே குருநாகல், புத்தளம், கம்பஹா பக்கத்துத் தேங்காய்த்துருவல் ஆலைகளின் கணக்கில் யோசித்துப் பாருங்கள், ஒவ்வொரு நாளும் பவுசர் பவுசராகக் கழிவு நீர். சீனி கலந்த தண்ணீர் என்பதால் சில மணி நேரத்திலேயே புளித்து நாறத் தொடங்கும், ஆற்றில் விட்டால் அங்கிருக்கும் ஒட்சிசனை எல்லாம் உறிஞ்சிவிடும், ஆகவே ஆலைக்காரர்களுக்கு இது ஒரு தலையிடி. இந்தத் தலையிடியைத்தான் நாம் தட்டில் ஊற்றி, மூடி வைத்து, பத்து நாளில் ஒரு வெள்ளைத் தோலாக எடுக்கப் போகிறோம்.

அந்தத் தோலின் பெயர் பற்றீரியா செலுலோசு. கடையில் போத்தலில் சீனிப் பாகோடு விற்கிற நாட்டா டி கோகோ சாப்பிட்டிருக்கிறீர்களா, நுங்கு மாதிரி வழுக்கும், ஆனால் கடித்தால் நறுக்கென்று இருக்கும்? பிலிப்பைன்ஸ்காரர்களின் அந்தப் பண்டம் இதேதான். மரத்திலும் பஞ்சிலும் இருக்கிற செலுலோசும் வேதியியல்படி இதுவே, ஆனால் மரத்தில் அது இழைகளை ஒட்டிப் பிடிக்கிற லிக்னின் என்ற பொருளோடும் வேறு சங்கதிகளோடும் பின்னிக் கிடப்பதால் பிரித்தெடுக்கக் காரமும் வெப்பமும் நிறையச் செலவாகும். பற்றீரியா தருவது தொடக்கத்திலிருந்தே கிட்டத்தட்டச் சுத்தமான செலுலோசு. இழைகள் ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கை விட மெல்லியவை, அந்த வலைக்குள் தண்ணீர் அப்படியே பிடிபட்டு நிற்கும். ஈரமாக எடுக்கிற தோலில் நூற்றுக்கு 98, 99 பங்கு தண்ணீர்தான் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு காய வைத்துவிட்டு “என்ன, இவ்வளவுதானா?” என்று கவலைப்படத் தேவையில்லை.

இதைச் செய்கிற பற்றீரியாவுக்கு இப்போதைய பெயர் கொமகட்டெய்பக்டர் சைலினஸ், பழைய புத்தகங்களில் அசற்றோபக்டர் சைலினம் என்று இருக்கும். வினாகிரியின் மேல் படர்கிற தடித்த ஆடை செலுலோசுதான் என்று 1886இல் ஏட்ரியன் பிரவுன் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்தார். அதற்குப் பின் இந்தப் பொருள் போகாத இடமில்லை. புண்ணுக்குப் போடும் தாள், முகத்தில் ஒட்டும் அழகுப் பூச்சுத் தாள், தோல் மாதிரியான துணி என்று பட்டியல் நீளும், 1989இல் சோனி நிறுவனம் வெளியிட்ட ஒரு விலை உயர்ந்த ஹெட்ஃபோனில் சத்தம் எழுப்பும் அந்த மெல்லிய தகடுகூட இதனால் செய்ததுதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் தண்ணீர்

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் பற்றீரியாவைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். அதை எங்கே வாங்குவது, செத்துப்போனால் என்ன செய்வது, ஆய்வுகூடம் வேண்டுமா என்று. உண்மையில் அது சாமானியத்தில் சாகாத ஒரு பிராணி. உங்கள் காலை வாரிவிடப் போவது கழிவுதான். கழிவு என்று பெயர் வைத்தவுடன் அதை யாரும் கவனமாகக் கையாள மாட்டார்கள், எந்த வாளியிலும் பிடிப்பார்கள், எவ்வளவு நேரமும் வெயிலில் விடுவார்கள். ஆகவே அது கழிவாக மாறுவதற்கு முன்னரே, தேங்காய் உடைகிற இடத்திலேயே, உங்கள் பாத்திரத்தில் பிடித்துவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தை நான் விளங்கிக்கொள்ள மூன்று மாதம் போனது.

நான் முதன்முதலாகப் போய்க் கேட்டபோது கடை அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார். “தம்பி, இந்தத் தண்ணி கொண்டுபோய் என்ன செய்யப் போறீர்?” தோல் செய்யப் போறன் என்றேன். “தேங்காய்த் தண்ணியில தோலோ?” என்று சிரித்துவிட்டு, ஒரு சிவப்பு வாளியில் பிடித்துத் தந்தார். மூன்று தட்டு வைத்தேன், மூன்றிலும் பன்னிரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை, தண்ணீர் கலங்கி நின்றது, அவ்வளவுதான். பிறகுதான் பார்த்தேன், அந்த வாளியில்தான் அவர்கள் நிலம் கழுவுகிற மருந்து கலக்குகிறார்கள். விரலால் உள்பக்கம் தடவினால் இன்னும் பைன் வாசம். அடுத்த நாள் மூடி போட்ட ஐந்து லீற்றர் எவர்சில்வர் வாளி ஒன்றை நானே கொண்டுபோய் வைத்தேன், அன்றைக்குப் பிடித்த தண்ணீர் மூன்றாம் நாளே ஆடை கட்டிவிட்டது.

வாளியைத் தவிர இரண்டு விஷயம். ஒன்று, முற்றிய தேங்காயின் தண்ணீர் வேண்டும், இளநீர் வேண்டாம், அது குடிப்பதற்கு. முற்றிய காயில் ஒன்றுக்கு அரைக் கோப்பை வரும், ஆக இருபது தேங்காய்க்கு இரண்டு லீற்றர் கணக்கு. மற்றது, உடைத்து இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் அடுப்பில் ஏற்றிவிடுங்கள். முடியாவிட்டால் பிரிஜ்ஜில் வையுங்கள். முகர்ந்து பார்த்தால் கள்ளு வாசம் வருகிறதென்றால் ஈஸ்டு முந்திக்கொண்டது என்று அர்த்தம். கொதிக்க வைத்து இன்னும் பாவிக்கலாம், ஆனால் அந்தத் தட்டின் கணக்கை மற்றத் தட்டுகளோடு ஒப்பிட வேண்டாம்.

தாய்

பற்றீரியா உயிரோடு இருக்கிற தொடக்கத் தண்ணீரைத்தான் தாய் என்கிறோம். அதை எங்கே எடுப்பது என்ற கேள்விக்கு லேசான பதில் கொம்புச்சா, இனிப்புத் தேநீரைப் புளிக்க வைத்துக் குடிக்கிற பானம். கொழும்பில் வீட்டில் கொம்புச்சா போடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர், அவர்களிடம் ஒரு துண்டு ஆடையும் ஒரு கோப்பை புளித்த தண்ணீரும் கேட்டு வாங்குங்கள். அந்த ஆடையே பற்றீரியா செலுலோசுதான். கூடவே ஈஸ்டும் வரும், தொடக்கத்துக்குப் பரவாயில்லை. இரண்டாவது வழி, கள்ளிலிருந்து இயற்கையாகப் புளிக்க வைத்த, கொதிக்க வைக்காத வினாகிரி, அடியில் அல்லது மேலே சவ்வு மாதிரி ஏதாவது மிதந்தால் இன்னும் நல்லது. சுப்பர்மார்க்கெற்றில் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிற மலிவு வினாகிரி பெரும்பாலும் அசற்றிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்தது, லேபிளில் செயற்கை வினாகிரி என்றே போட்டிருக்கும், அதில் உயிர் ஒன்றும் இல்லை. புளிப்பைக் கூட்ட மட்டும் அது உதவும்.

ஆய்வு செய்கிற மாணவர் என்றால் தூய வளர்ப்பு வாங்கி, ஹெஸ்ட்ரினும் ஷ்ராமும் 1954இல் எழுதிய வளர்ப்பு ஊடகத்தில் (லீற்றருக்கு 20 கிராம் குளுக்கோசு, 5 கிராம் பெப்டோன், 5 கிராம் ஈஸ்டுச் சாறு, கொஞ்சம் பொசுபேற்று, கொஞ்சம் சித்திரிக் அமிலம்) ஒரு தட்டு வைத்து, அதோடு உங்கள் கழிவுத் தட்டை ஒப்பிடுங்கள். அந்த ஊடகத்தில் விலை கூடிய சாமான் பெப்டோனும் ஈஸ்டுச் சாறும்தான், கழிவைத் தேடி எல்லாரும் அலைவதற்குப் பாதிக் காரணம் அது.

தாய்த் தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு கோப்பை தாய்க்கு மூன்று கோப்பை, கொதித்து ஆறிய இனிப்புச் சாயத் தேநீர், ஒரு கிழமை. இரண்டு போத்தல் வையுங்கள். ஒன்றில் பூஞ்சணம் பிடித்தால் மற்றது இருக்கும், நான் ஒரு போத்தலை மட்டும் நம்பி ஒருதரம் முழுக்கவே தொடக்கத்திலிருந்து போக வேண்டி வந்தது.

கலவை

இரண்டு லீற்றர் தேங்காய்த் தண்ணீர். மெல்லிய துணியில் வடியுங்கள், தும்பும் தேங்காய்ப்பூத் துகளும் எண்ணெய்ச் சத்துக் கொண்டவை, அவை மிதந்தால் ஆடையில் ஓட்டை விழும். எவர்சில்வர்ப் பாத்திரத்தில் கொதிக்க வைத்து, கொதி வந்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். மேலே வரும் நுரையை அகப்பையால் எடுத்து எறிந்துவிடுங்கள். சூடாக இருக்கும்போதே 100 கிராம் சீனி போட்டுக் கரையுங்கள். தேங்காய்த் தண்ணீரில் ஏற்கெனவே கொஞ்சம் சீனி இருக்கிறது, ஆனால் முற்றிய காயில் அது போதாது.

பற்றீரியாவுக்கு நைதரசனும் வேண்டும். நாட்டா செய்கிறவர்கள் லீற்றருக்கு ஐந்து கிராம் அளவில் அமோனியம் சல்பேற்றுப் போடுவார்கள், சாப்பிடுவதற்கு என்றால் உணவுத் தரத்தில் உள்ளதை மட்டும் வாங்குங்கள், உரக் கடையில் கிலோக் கணக்கில் கிடைப்பது சாப்பாட்டுக்கு ஆகாது. நான் இப்போதெல்லாம் கடும் சாயத் தேநீர்தான் ஊற்றுகிறேன், இரண்டு லீற்றருக்கு ஒரு கோப்பை. தேயிலையில் உள்ள கஃபீன் செலுலோசு உற்பத்தியைத் தூண்டுகிறது என்பது ஆய்வில் கண்ட விஷயம். தேயிலைத் தொழிற்சாலைகளில் ஒதுக்குகிற கழிவுத் தேயிலை கிடைத்தால் அதுவே போதும், அதுவும் கழிவுதானே. என்ன, தோல் கொஞ்சம் மண்ணிறமாக வரும்.

இப்போது புளிப்பு. புளிப்பை அளக்கிற எண் பிஎச், புளிப்புக் கூடக் கூட எண் குறையும், 7 என்றால் நடுநிலை. பிஎச் தாள் புறக்கோட்டையில் இரசாயனப் பொருள் விற்கிற கடைகளில் கேட்டால் கிடைக்கும். வினாகிரியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி 4.5க்கும் 4க்கும் இடையில் கொண்டுவாருங்கள். பற்றீரியாவுக்கு இதைவிடக் கொஞ்சம் கூடுதலான பிஎச்தான் விருப்பம், 5, 5.5 வரைக்கும் நன்றாக வளரும். ஆனால் வீட்டில் செய்யும்போது பூஞ்சணத்தையும் வேறு கிருமிகளையும் தள்ளி வைக்க இந்தப் புளிப்பு வேண்டும், விளைச்சலில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பாதுகாப்பை வாங்குகிறோம்.

பிறகு ஆற விடுங்கள். நன்றாக ஆற விடுங்கள். கையைப் பாத்திரத்தில் வைத்தால் சூடு தெரியவே கூடாது. அவசரப்பட்டுச் சூட்டோடு தாயை ஊற்றிக் கொன்றுவிடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்கிற பிழை. ஆறிய பிறகு 250 மில்லிலீற்றர் அளவில் தாய்த் தண்ணீரை ஊற்றி ஒருமுறை மெதுவாகக் கலக்கிவிடுங்கள். ஆடைத் துண்டைப் போடத் தேவையில்லை, தண்ணீரிலேயே பற்றீரியா நிறைய இருக்கிறது, துண்டு மிதந்தால் புதுத் தோல் அதைச் சுற்றிக் கோணலாக வளரும்.

தட்டு

ஆழமான போத்தல் வேண்டாம், அகன்ற தட்டு வேண்டும். காரணம் லேசானது, இந்தப் பற்றீரியாவுக்கு ஒட்சிசன் இல்லாமல் முடியாது, ஆகவே காற்றும் தண்ணீரும் சந்திக்கிற அந்த மேற்பரப்பில்தான் அது நெசவு செய்யும். ஒவ்வொரு பற்றீரியாவின் உடம்பிலும் நீளவாக்கில் வரிசையாக நுண்துளைகள், அவற்றிலிருந்து செலுலோசு இழை வெளியே வந்துகொண்டே இருக்கும், சிலந்தி நூல் விடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய அடுக்கு எப்போதும் மேலேதான் உருவாகும், பழையது கீழே தள்ளப்படும். 25க்கு 30 சென்ரிமீற்றர் உள்ள ஒரு தட்டில் நமது கலவை மூன்று சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிற்கும், அது போதும். உணவுக்கு ஏற்ற பிளாஸ்ரிக் அல்லது கண்ணாடி, இரண்டும் சரி. அலுமினியம் வேண்டவே வேண்டாம், புளிப்பு அதைத் தின்னும்.

மூடுவதற்குப் பொப்ளின் துணி. இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு யார் வாங்கினால் ஆறு தட்டுக்குப் போதும். சல்லடை மாதிரியான மெல்லிய துணி வைத்தால் பழ ஈ உள்ளே போய் முட்டை வைக்கும், மூன்றாம் நாள் தோலின் மேல் வெள்ளையாக ஏதோ நெளியும், அந்தக் காட்சியை நான் விவரிக்க விரும்பவில்லை. துணியை றப்பர் பாண்ட் போட்டு இறுக்குங்கள்.

அடுத்தது எறும்பு. கொழும்பில் சீனித் தண்ணீரைப் பத்து நாள் திறந்து வைத்துவிட்டு எறும்பு வராது என்று நினைப்பது பேராசை. நான் மேசையின் நாலு காலுக்கும் கீழே தண்ணீர் ஊற்றிய நாலு தேங்காய்ச் சிரட்டை வைத்தேன், வேலை முடிந்தது. ஆனால் நுளம்பு முட்டையிடாமல் அந்தத் தண்ணீரை மூன்று நாளைக்கு ஒருதரம் மாற்ற வேண்டும், டெங்குப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் சிரட்டைத் தண்ணீரைப் பார்த்தால் உங்கள் விஞ்ஞானத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். ஒரு துளி சவர்க்காரத் தண்ணீர் விட்டால் இன்னும் நல்லது, அது தட்டுக்குள் தெறிக்காத வரைக்கும்.

வெப்பநிலை பற்றிக் கவலையே வேண்டாம். 28, 30 பாகை என்பது இந்தப் பற்றீரியாவுக்குப் பிடித்த சூடு, குளிர் நாடுகளில் இதற்கென்றே மின்சாரப் பெட்டி வைக்கிறார்கள். நமக்குக் கொழும்பே பெட்டி. வெயில் நேரே படாத, யாரும் இடித்துக்கொண்டு போகாத ஒரு மூலை போதும். குசினியில் வைத்தால் வினாகிரி வாசம் வரும் என்று அம்மா சண்டை பிடித்தார், இப்போது தட்டுகள் எல்லாம் என் கட்டிலுக்கு அடியில்.

காத்திருப்பது

இரண்டாம் மூன்றாம் நாளில் மேற்பரப்பு மங்கும். ஆறிப்போன கஞ்சியின் மேல் படரும் ஏடு மாதிரி ஒரு மெல்லிய படலம், தட்டைத் துளி சரித்தால் அதுவும் சேர்ந்து நெளியும். சரிக்காதீர்கள்! சரித்தால் அந்தப் படலம் விளிம்பிலிருந்து விட்டுக் கீழே இறங்கும், அதற்கு மேலே புதிதாக இன்னொன்று தொடங்கும், கடைசியில் ஒரு தடித்த தோலுக்குப் பதிலாக ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு மெல்லிய தோல் கிடைக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெடியன் ஒவ்வொரு நாளும் துணியைத் தூக்கி விரலால் தொட்டுப் பார்த்து, நாலு அடுக்கு வைத்துப் புத்தகம் மாதிரி ஒன்று செய்து வைத்திருந்தான்.

ஐந்தாம் நாளில் வெள்ளை நன்றாகத் தெரியும், எட்டாம் நாளில் அரைச் சென்ரிமீற்றர் வரை, பத்துப் பன்னிரண்டு நாளில் விரல் தடிப்புக்குக்கூட வரலாம். அதற்கு மேல் விட்டும் பெரிய லாபம் இல்லை. சீனி குறையும், புளிப்பு ஏறும். குளுக்கோசில் ஒரு பங்கைப் பற்றீரியா செலுலோசாக்காமல் குளுக்கோனிக் அமிலமாக மாற்றிவிடுகிறது, அதனால்தான் பிஎச் 3 பக்கம் இறங்குகிறது. நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் மதுசாரம் கலந்தால் இந்த வீணடிப்புக் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, கொஞ்சம் கள்ளு வாசம் ஏறிய தேங்காய்த் தண்ணீர் சில வேளை நல்ல விளைச்சல் தருவதற்கு அது காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

குலுக்கினால் ஒட்சிசன் நன்றாகக் கிடைக்குமே, வேகமாக வளராதா என்று எல்லாரும் கேட்பார்கள். குலுக்கினால் தோல் வராது, மணி மணியாக அல்லது நார் நாராக வரும். தொடர்ந்து குலுக்கிக்கொண்டே போனால் மரபணு மாறி, செலுலோசு செய்யாமல் விட்ட பற்றீரியாக்கள் தலையெடுத்துவிடும். செலுலோசு செய்வது பற்றீரியாவுக்குச் செலவு, மேலே மிதந்து காற்றுப் பிடிக்கத்தான் அது அந்தச் செலவைச் செய்கிறது, காற்றை நீங்களே கொடுத்தால் அது ஏன் மினக்கெட வேண்டும்?

பச்சை, கறுப்பு, சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஏதாவது மேலே தெரிந்தால் அது பூஞ்சணம். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டுத் தொடரலாமா என்று கேட்காதீர்கள், முழுத் தட்டையும் எறியுங்கள், தட்டைக் கொதிநீரில் கழுவுங்கள், அந்தத் தட்டிலிருந்து தாய் எடுக்காதீர்கள். வெள்ளையாக, உலர்ந்து, சுருக்கம் சுருக்கமாக மெல்லிய படலம் வந்தால் அது ஈஸ்டு. நச்சு இல்லை, ஆனால் அடியில் தோல் ஒழுங்காக வராது. அடுத்த முறை தாயைக் கூட்டிப் பிஎச்சை இன்னும் கொஞ்சம் குறையுங்கள்.

எடுப்பதும் வெளுப்பதும்

கையை நன்றாகக் கழுவி, விளிம்பில் விரலை விட்டுத் தூக்குங்கள். முதல் தடவை தூக்கும்போது கொஞ்சம் அருவருப்பாகத்தான் இருக்கும், சந்தையில் வாங்கிய பெரிய கணவாயைத் தோலுரித்துக் கையில் பிடித்த மாதிரி, குளிர்ந்து, பாரமாக, வழுக்கிக்கொண்டு. இழுத்துப் பாருங்கள், லேசில் கிழியாது. குழாய்த் தண்ணீரில் கழுவி, ஒரு இரவு ஊற வையுங்கள்.

சாப்பிடுவதற்கு என்றால் இதற்கு மேல் இரசாயனம் வேண்டாம். சதுரமாக வெட்டி, புளிப்பும் வாசமும் போகும்வரை நாலைந்து தடவை தண்ணீர் மாற்றி மாற்றிக் கொதிக்க வைத்து, சீனிப் பாகில் போடுங்கள். இதுவும் சாப்பாட்டுக்கென்றே சுத்தமாகப் பிடித்த தேங்காய்த் தண்ணீருக்கும் பழத்துக்கும் மட்டும்தான், ஆலைக் கழிவிலிருந்து வந்த எதையும் சோதிக்காமல் வாயில் வைக்காதீர்கள்.

வேறு வேலைகளுக்கு என்றால் உள்ளே சிக்கியிருக்கும் பற்றீரியாவையும் புரதத்தையும் காரத்தில் கரைத்து எடுக்க வேண்டும். லீற்றருக்கு நாலு கிராம் கோஸ்டிக் சோடா. முதலில் தண்ணீர், பிறகு சோடா, அந்த ஒழுங்கில்தான். கட்டிச் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் றப்பர்க் கையுறையும் போடுங்கள், சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் இந்தப் படியை வீட்டில் செய்யவே வேண்டாம். எவர்சில்வர்ப் பாத்திரத்தில் கொதி நிலைக்குக் கொஞ்சம் கீழே, 80 பாகை அளவில் ஒரு மணித்தியாலம். அலுமினியச் சட்டியில் கோஸ்டிக் சோடா ஊற்றினால் சட்டி கரைந்து எரியக்கூடிய ஐதரசன் வாயு வரும். தண்ணீர் மண்ணிறமாகும், அதை ஊற்றிவிட்டு இன்னொருதரம் செய்தால் தோல் பால் வெள்ளையிலிருந்து கண்ணாடித் தன்மைக்கு வரும். அப்புறம் பிஎச் தாள் 7 காட்டும்வரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இரண்டு நாள் போகும், சலிப்பான வேலை, ஆனால் இதில் களவு செய்தால் காய்ந்த பிறகு தோல் மஞ்சளாகி உடையும்.

அந்தக் காரத் தண்ணீரைக் கானில் ஊற்றாதீர்கள். தட்டில் மிஞ்சிய புளித்த தண்ணீர் இருக்கிறதல்லவா, அடுத்த தொகுதிக்குத் தாயாக ஒரு போத்தல் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை இந்தக் காரத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலவுங்கள். ஒன்றை ஒன்று தணித்துவிடும், 7க்குப் பக்கத்தில் வந்த பிறகு ஊற்றலாம்.

காய வைக்க ஒரு மழமழப்பான பலகை அல்லது பேக்கிங் தாள். மின்விசிறிக்குக் கீழே இரண்டு மூன்று நாள், மழைக்காலத்தில் இன்னும் கூட. விரல் தடிப்பில் இருந்தது தாள் தடிப்புக்கு வந்துவிடும். நமது இரண்டு லீற்றருக்கு நாலைந்து கிராம் காய்ந்த செலுலோசு கிடைத்தால் நல்ல தொடக்கம். அப்படியே காய்ந்தால் எண்ணெய்த் தாள் மாதிரி முறுகலாக இருக்கும், வளைய வேண்டும் என்றால் காய வைப்பதற்கு முன் நூற்றுக்கு ஐந்து பங்கு கிளிசரின் கலந்த தண்ணீரில் ஒரு இரவு ஊற விடுங்கள், கிளிசரின் எந்தப் பாமசியிலும் இருக்கும்.

வேறு கழிவுகள்

தேங்காய்த் தண்ணீரில் கை பழகிய பிறகு அன்னாசித் தோல். பேலியகொடை மெனிங் சந்தையிலோ பழச்சாறு விற்கிற கடைகளிலோ சாக்குக் கணக்கில் கிடைக்கும். கழுவி, சம அளவு தண்ணீரில் அரை மணித்தியாலம் வேக வைத்து, பிழிந்து வடியுங்கள். சாறு நல்ல இனிப்பு என்றால் சீனி போடவே தேவையில்லை. கசடு போகும்வரை இரண்டு தடவை வடிப்பதுதான் இதில் வேலை.

மொலாசஸ் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பெல்வத்தை, செவனகலை மாதிரிச் சீனித் தொழிற்சாலைகளில் வருவது. இதை நான் கழிவு என்றே சொல்ல மாட்டேன், மதுசாரம் வடிக்கிறவர்கள் அதற்கு விலை கொடுத்துக் காத்திருக்கிறார்கள். கிடைத்தால், பாதியளவு சீனி கொண்ட, கூழ் மாதிரித் தடித்த அந்தப் பாகை இருபது மடங்கு தண்ணீரில் கரைத்து, தேசிக்காய்ச் சாறு விட்டு அரை மணித்தியாலம் கொதிக்க வையுங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் சுக்குரோசு, சில பற்றீரியா வகைகள் அதை நேரே தின்னத் தடுமாறும், புளிப்பில் கொதித்தால் ஒரு பங்கு குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடையும். தோல் மண்ணிறமாகத்தான் வரும், உலோகச் சத்துக்களும் இருக்கும், ஆகவே சாப்பாட்டுக்கு வேண்டாம்.

பால் தொழிற்சாலை மோர்த் தண்ணீரில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம், அதிலுள்ள இலற்றோசை இந்தப் பற்றீரியா பெரும்பாலும் தொடுவதில்லை, முதலில் நொதியம் போட்டு உடைக்க வேண்டும். ஆடைத் தொழிற்சாலைகளின் பருத்தி வெட்டுத்துண்டுகளும் அப்படித்தான், பழைய செலுலோசை நொதியத்தால் குளுக்கோசாக்கி, அதைப் பற்றீரியாவிடம் கொடுத்துப் புதிய செலுலோசாக்குவது அழகான யோசனை, கட்டுநாயக்க வலயத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை துருதுருக்கும், ஆனால் பொலியெஸ்டர் கலப்பும் சாயமும் நொதியத்தின் விலையும் சேர்ந்து அது குசினி மேசை வேலை இல்லை.

விற்பதென்றால் கதை வேறு. சாப்பாட்டுப் பொருள் என்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலே பேசுங்கள், உற்பத்தி நிலையம் என்ற அளவுக்கு வளர்ந்தால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டுமா என்று பத்தரமுல்லையில் உள்ள மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் கேளுங்கள். பொருளைச் சோதித்து அறிக்கை எடுக்கக் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது. ஆலையோடு பேசும்போது விலை பேசுவதற்கு முன் ஒரு விஷயம் கேளுங்கள்: தண்ணீரைத் தனிக் குழாயில் பிடித்துத் தர முடியுமா, அல்லது கழுவும் நீரோடு சேர்ந்துதான் வருமா? கழுவும் நீரோடு வருகிறதென்றால் இனாமாகத் தந்தாலும் வேண்டாம்.

கொப்பி ஒன்று வையுங்கள். திகதி, எங்கே பிடித்த தண்ணீர், எத்தனை மணிக்கு உடைத்தது, பிஎச், எத்தனை நாள், ஈர நிறை, காய்ந்த நிறை. எனக்கு ஒரு மாதம் முழுக்க விளைச்சல் விழுந்தபோது கொப்பியைப் பார்த்துத்தான் பிடிபட்டது, கடையில் தேங்காய் உடைக்கும் நேரத்தை முதல் நாள் இரவுக்கு மாற்றியிருந்தார்கள்.

கடைசியாக, ஊருக்குப் போகும்போது தாயை என்ன செய்வது? நல்லூர்த் திருவிழாவுக்கு இருபத்தைந்து நாளும் யாழ்ப்பாணத்தில் நிற்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். புறப்படுகிற அன்று இரண்டு போத்தலிலும் புதிய இனிப்புத் தேநீரைக் கழுத்துவரை ஊற்றி, துணி கட்டி, வெளிச்சம் படாத அலுமாரியில் வைத்துவிடுங்கள். பிரிஜ்ஜில் வைக்க வேண்டாம், திரும்ப எழும்பக் கன நாள் எடுக்கும். வந்து பார்க்கும்போது போத்தல் வாயை அடைத்துக்கொண்டு கட்டையாக ஒரு தோல் நிற்கும், தண்ணீர் குறைந்திருக்கும், மூக்கைத் துளைக்கும் புளிப்பு. தோலை எடுத்துத் தென்னைக்கோ பூச்சாடிக்கோ போடுங்கள், கீழே உள்ள தண்ணீர்தான் உங்களுக்கு வேண்டியது.